டெஸ்ட் பெட்டுக்குத் தொட்டியா, மேக்னெட்டிக் மீட்டரா?

கோவை கணபதி பக்கம் எங்களுடையது சின்ன பம்ப் பட்டறை. 1 எச்பி முதல் 5 எச்பி வரை மோனோபிளாக்கும் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) ஓபன்வெல்லும் (கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே இறக்குவது) செய்கிறோம். பம்பை ஓட்டிச் சோதிக்கும் பழைய டெஸ்ட் பெட்டை இடித்துக் கட்டும்போது, டிஸ்சார்ஜை, அதாவது பம்ப் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பதை, எதில் அளப்பது என்று எனக்கும் மச்சினனுக்கும் ஒரு மாதம் பேச்சு ஓடியது. அவன் குழாயில் ஓடும் தண்ணீரைக் காந்தப்புலத்தால் அளக்கும் மேக்னெட்டிக் ஃப்ளோ மீட்டர் பக்கம், நான் குறித்த நேரம் தண்ணீரைப் பிடித்து அளக்கும் அளவுத் தொட்டி பக்கம். கடைசியில் இரண்டையும் வைத்தோம். ஆனாலும் ஒன்றுக்குத்தான் வசதி இருக்கிறது என்று யாராவது வந்து கேட்டால், தொட்டி கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

வி-நாட்ச்சை (வி வடிவ வெட்டு வழியாக வழியும் நீரின் மட்டத்தை வைத்து அளப்பது) முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அதில் நீர்மட்டத்தைப் படிப்பதில் 1 சதவீதம் பிசகினால் டிஸ்சார்ஜ் கணக்கு 2.5 சதவீதம் பிசகும். ஹெட்டை, அதாவது பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரத்தை, அளக்கும் பிரஷர் கேஜ் எந்த முறைக்கும் பொதுதான்; அதில் 1 கிலோ என்பது சுமார் 10 மீட்டர் ஹெட். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 25 மீட்டர் ஹெட் பம்புக்கு 10 கிலோ கேஜ் மாட்டாதீர்கள். முழு அளவில் 1 சதவீதப் பிழை என்றால் அதில் 1 மீட்டர் போய்விடும். 4 கிலோ கேஜில் அதே பிழை 40 சென்டிமீட்டர்தான்.

மீட்டரின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. உள்ளே சுழலும் பாகம் கிடையாது, தண்ணீருக்குத் தடையும் இல்லை. வால்வை மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை ஏழெட்டு பாயிண்ட் (வால்வின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு அளவு) எடுக்க எங்களுக்குக் கால் மணி நேரம் போதும். ஹெட், டிஸ்சார்ஜ், வாட்ஸ் எல்லாம் ஒரே நொடியில் பேனலில் வந்துவிடும். கரண்ட் ஏறி இறங்கும் நேரத்தில் இது பெரிய உதவி. தொட்டியில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடிப்பதற்குள் வோல்டேஜ் நகர்ந்துவிட்டால் அந்த பாயிண்டை மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஏன் தொட்டி? மீட்டர் காட்டும் எண் சரிதானா என்று நம் பட்டறைக்குள்ளேயே பார்க்க வழி வேண்டும், அதனால்தான். மீட்டர் பொய் சொல்லும்போதும் அதே நிதானத்தோடுதான் எண்ணைக் காட்டும்.

எங்களுக்கு நடந்தது இது. 3 எச்பி மோனோபிளாக், 22 மீட்டர் ஹெட். மீட்டர் விநாடிக்கு 6.25 லிட்டர் என்றது. மச்சினனுக்கு ஏக சந்தோஷம். அன்றுதான் தொட்டிக்கு வெல்டிங் முடிந்திருந்தது. அதே பாயிண்டில் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஒரு நிமிடம் பிடித்தோம். 360 லிட்டர், அதாவது விநாடிக்கு 6 லிட்டர். மூன்று தடவை பிடித்தும் அதேதான். பம்ப் 2.6 கிலோவாட் இழுத்தது. இழுத்த மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றப் பயன்பட்ட பங்கு, அதாவது எஃபிஷியன்ஸி, மீட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 52 சதவீதம், தொட்டிக் கணக்கில் 50க்கும் கீழே. மின்சிக்கன நட்சத்திரக் குறியீட்டுக்குப் போகிற பம்பில் இந்த இரண்டு சதவீதம் சின்ன விஷயமில்லை.

"மாமா, தொட்டி அளவைத்தானுங்க சந்தேகப்படோணும்" என்றான் மச்சினன். எங்கள் ஃபிட்டர் எதுவும் பேசாமல் மீட்டருக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் வைத்தார். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. அரை நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வந்தது. எல்லாம் காற்று. திரும்பி வரும் குழாய், பம்ப் தண்ணீரை உறிஞ்சும் சம்ப்புக்குள் உயரத்திலிருந்து கொட்ட, அந்தக் குமிழிகளையே சக்‌ஷன் இழுத்திருக்கிறது. போதாததற்கு நாங்கள் கேட் வால்வை மீட்டருக்கு முன்னால் வைத்திருந்தோம். வால்வைத் தாண்டியதும் பிரஷர் குறைந்து காற்று விரிய, மீட்டர் அதையும் தண்ணீராக எண்ணிவிட்டது.

சரிசெய்வது கஷ்டமாக இல்லை. திரும்பும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் இறக்கினோம். சம்ப்பின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினோம். வால்வை மீட்டருக்குப் பின்னால் மாற்றினோம். பிறகு இரண்டு அளவும் அரை சதவீதத்துக்குள் வந்துவிட்டன. தொட்டி இல்லாமல் இருந்திருந்தால் 6.25 என்றே பெயர்த்தகட்டில் அடித்து, ஏதோ ஒரு விவசாயியின் கிணற்றடிக்கு அனுப்பியிருப்போம்.

சரி, தொட்டியை எப்படி நம்புவது? எடை போட்டுத்தான். எங்கள் தொட்டி உள்ளளவில் 1 மீட்டருக்கு 1 மீட்டர். மட்டம் 1 மில்லிமீட்டர் ஏறினால் 1 லிட்டர். பக்கவாட்டில் கண்ணாடிக் குழாயும் ஸ்டீல் ஸ்கேலும் இருக்கின்றன. 1000 லிட்டர் கோடு வரை நிரப்பி, டிரம் டிரம்மாக இறக்கி, வருஷா வருஷம் முத்திரை போடும் எடைமேடையில் நிறுத்தோம். முதல் தடவை 4 கிலோ குறைந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில்தான் உறைத்தது: தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருந்தது, அந்தச் சூட்டில் 1000 லிட்டரின் எடையே 996 கிலோதான். தொட்டி சரியாகத்தான் இருந்தது.

தொட்டி இல்லாமல் மீட்டரை இப்படி நாமே பார்க்க முடியாது. கழற்றி, கேலிப்ரேஷனுக்கு அனுப்பி, அது திரும்பி வரும் வரை பெட்டை நிறுத்த வேண்டும். அங்கே சரியென்று சான்றிதழ் கொடுத்தாலும், நம் பைப்லைனில் காற்று வருவது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

தொட்டி கட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சுற்றிலும் ஆங்கிள் வைத்து இறுக்குங்கள். மெல்லிய தகடாக இருந்தால் தண்ணீர் ஏற ஏற வயிறு தள்ளும், ஸ்கேல் பொய்யாகிவிடும். அடுத்தது, தண்ணீரைத் தொட்டிக்கும் சம்ப்புக்கும் மாற்றித் திருப்பும் குழாய் வாய். அது ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் ஸ்டாப்வாட்ச்சை எந்த நொடியில் அமுக்குவது என்றே தெரியாது.

தொட்டியின் குறை நேரம்தான். நிரப்பி, படித்து, வடித்து ஏழெட்டு பாயிண்ட் எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தினமும் நிறைய பம்ப் சோதிக்கிற இடத்துக்கு மீட்டர் இல்லாமல் முடியாது, அதை மறுக்கவில்லை. நான் சொல்வதெல்லாம் 5 எச்பி வரைக்கும்தான். விநாடிக்கு 30, 40 லிட்டர் தள்ளும் பம்புக்கு என் தொட்டி அரை நிமிடத்தில் வழிந்துவிடும். அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை, அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

இப்போது தினசரி சோதனை மீட்டரில்தான் ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் முதல் பம்ப் மட்டும் தொட்டியில் மூன்று பாயிண்ட். அதை மச்சினன்தான் பிடிக்கிறான். இரண்டு அளவையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 1 சதவீதத்துக்கு மேல் விலகினால் முதலில் டம்ளரை எடுக்கிறான்.