சுனாமியா, சூறாவளிக் கடலேற்றமா: எதை முதலில் படிப்பது?

யாழ்ப்பாணத்தில் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சுனாமியைப் பற்றித்தான் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26இல் வடமராட்சி கிழக்குக் கரை பட்ட பாடு அப்படி.

சுனாமிக்கும் காற்றுக்கும் தொடர்பில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை திடீரென உயர, மேலேயிருந்த நீர் முழுவதும் அசைந்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் அந்த அலை மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஆனாலும் ஆழ்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கரையில் ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் கூடும். அலை வந்து சேருமுன் நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரமளவுதான்.

சூறாவளிக் கடலேற்றம், அதாவது சூறாவளியோடு கடல்மட்டம் உயர்ந்து நிலத்துக்குள் ஏறுவது, வேறு கதை. காற்றின் அமுக்கம் ஒரு மில்லிபார் இறங்கினால் கடல்மட்டம் ஒரு சென்ரிமீற்றரளவு ஏறும். அது சின்னப் பங்கு. மீதியைக் காற்றுத் தள்ளிக்கொண்டு வரும். ஆழமான கடலில் தள்ளிய நீர் அடியால் திரும்பி ஓடிவிடும். பாக்குநீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை, குவிந்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுதான். தீவகத்துக்கு, அதாவது யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுகளுக்கு, வேலைக்குப் போகிறவர்கள் மறக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், சூறாவளியில் தொடங்குங்கள். சுனாமி எப்போதாவது வரும். சூறாவளியாக வலுக்கக்கூடிய தாழமுக்கமோ கார்த்திகை, மார்கழியில் வராத ஆண்டு அரிது. 2008இல் நிஷா சூறாவளி காற்றைவிட மழையால்தான் நம்மை மூழ்கடித்தது. ஆனால் சூறாவளிக்கு நாட்கணக்கில் முன்னறிவிப்பு உண்டு.

இரண்டிலும் கடல்நீர் கிணற்றுக்குள் இறங்கலாம். நம் நிலத்தடியில் நன்னீர் உவர்நீருக்கு மேல்தான் மிதக்கிறது. கிணற்றைச் சுத்தமாக்கவென்று அவசரப்பட்டு மோட்டர் போட்டுக் கண்டபாட்டுக்கு இறைத்தால் அடியிலுள்ள உவரும் மேலே ஏறிவிடும்.