சடையும் போடணும், லேயரும் வேணும்: வீட்டுல முடி வெட்டின அனுபவம்

மலேசியாவுல கோவிட்டுக்காக எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டாங்களே, அப்ப ஆரம்பிச்சது இது. 2020 மார்ச் 18லருந்து சலூன் எல்லாம் மூடி ஜூன் 10தான் மறுபடி தொறந்தாங்க, அதுக்குள்ள வீட்டுல எல்லாருக்கும் நுனி வெடிச்சுப் போச்சு. அப்ப கையில எடுத்த கத்தரிக்கோல இன்னும் கீழ வைக்கல. எனக்கு, தங்கச்சிக்கு, என் பொண்ணுங்களுக்கு எல்லாம் நாந்தான் லேயர் (முன்னாடி கட்டையா, பின்னாடி நீளமா அடுக்கடுக்கா) வெட்டுறேன், சுங்கை சிப்புட்லருந்து இதுக்குன்னு ஈப்போ போறது நின்னு போச்சு.

ஆனா லேயர் வெட்ட வீடியோவுல காட்டுறத அப்படியே நம்ம முடியில செஞ்சா சரி வராது. அதுல வர்றவங்களுக்கு முடி மெல்லிசு, நேரா இருக்கும், விரிச்சுப் போட்டுட்டே வெளிய போவாங்க. நமக்கு அடர்த்தி, அதுல சுருட்டை வேற, புள்ளைங்க தமிழ்ப்பள்ளிக்கு சடை போட்டுத்தான் போகணும், வெள்ளிக்கிழமன்னா பின்னிப் பூ வச்சு கோயிலுக்குப் போகணும். லேயர் தாடை கிட்ட ஆரம்பிச்சா பின்னி முடிக்கிறதுக்குள்ளயே பக்கத்துல எல்லாம் குத்திக்கிட்டு வெளிய வந்துடும், இந்த வெக்கைக்கு அது கழுத்துல ஒட்டி அரிக்கும் பாருங்க, தாங்க முடியாது. அதனால எவ்வளவு கட்டையா வெட்டினாலும் கழுத்தெலும்புக்குக் கீழதான், அதுக்கு மேல நான் ஏத்தவே மாட்டேன்.

நான் செய்றது ரொம்ப சுலபம். முடி எல்லாத்தையும் முன்னாடி சீவி, நெத்திக்கு மேல முடி ஆரம்பிக்கிற எடத்துல ஒரே குதிரவாலா ரப்பர் போட்டுடுவேன். கட்டுறதுக்கு முன்னாடியே அந்த எடத்துலருந்து ஒரு கொத்த எடுத்து கீழ தொங்கவிட்டு, கழுத்தெலும்பத் தாண்டி ரெண்டு வெரல் வர்ற எடத்துல ஒரு சின்ன ரப்பர் போட்டு வச்சுக்குவேன், அதுதான் அளவு. அப்புறம் குதிரவால தூக்கிப் புடிச்சு அந்த அளவுல வெட்டினா முன்னாடி கட்டையாவும் பின்னாடி நீளமாவும் தானா விழும், ஏன்னா பின்மண்டை முடி அவ்வளவு தூரம் சுத்தி வந்துதான் அங்க சேருது. அடர்த்தியான முடிய ஒரே புடியில வெட்டினா கத்தரிக்கோலுக்கு நழுவி முன்னாடி ஓடும், நாலஞ்சு கொத்தா பிரிச்சுக்கணும், கத்தரிக்கோல குறுக்க வைக்காம முனை மேல பாக்குற மாதிரி புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா கொறிக்கணும், அப்பதான் கோடு போட்ட மாதிரி தெரியாது.

ஈர முடியில வேணாம். ஈரத்துல முடி இழுபடும், காஞ்சதும் சுருட்ட முடி மேல ஏறிக்கும், நெனச்சத விட கட்டையா நிக்கும். எண்ணெ வச்ச அன்னைக்கும் வேணாம். அலசி, நல்லா காய வச்சு, சிக்கெடுத்துட்டு உக்காருங்க.

முடி வெட்டுறதுக்குன்னே ஒரு கத்தரிக்கோல காசு குடுத்து வாங்குங்க, 30 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) கெடச்சதுதான் என்னோடது, இத்தன வருஷமா நல்லா உழைக்குது. முடிய தவிர வேற எதையும் அதால வெட்டக்கூடாது, பிளாஸ்டிக் பாக்கெட் கூட. அம்மா தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டைய சீவி பால் எடுத்தவங்க, கத்தி மழுங்கினா பட்ட கிழியும்னு சொல்வாங்க, முடியும் அப்படித்தான், மழுங்கின கத்தரிக்கோல் நசுக்கி விட்டா நுனி சீக்கிரம் வெடிக்கும். திருகாணிக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெ விட்டா போதும்.

அடர்த்தி கொறைக்கிற பல்லு கத்தரிக்கோல் மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தங்கச்சிக்கு ஒரு கடையில வேர் பக்கமா போட்டு விட்டாங்க, அந்தக் குட்டி முடியெல்லாம் வளர வளர மேல தூக்கிக்கிட்டு, சடைய விட்டு நீட்டிக்கிட்டு, பாவம் ரொம்ப நாள் கொண்டையிலயே இருந்தா.

மாசத்துக்கு சுமாரா 1 செ.மீ. வளரும், அதனால மூனு நாலு மாசத்துக்கு ஒருக்கா தொட்டா போதும். தீபாவளிக்குன்னா ரெண்டு வாரம் முன்னாடியே வெட்டிடுங்க, முடி படிஞ்சு வர கொஞ்ச நாள் வேணும். தோளுக்கு மேல பாப் மாதிரி வேணும்னு மூத்தவ இப்ப கேக்குறா, அதுக்கு பின்கழுத்துல கோணம் பாத்து வெட்டணும், அத நான் வீட்டுல செய்ய மாட்டேன், கடைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்.