ரோவர் பி5பி: ஒம்பது வருஷமா ஓட்டுறேன், உள்ளதச் சொல்றேன்

மொதல்ல பேரு. ரோவர் பி5பி, ரோவர்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட பழைய கார். இங்கிலீஷ்ல மொத எழுத்து வேற கடைசி எழுத்து வேற, நம்ம தமிழ்ல எழுதுனா ரெண்டுமே பி தான், என்ன பண்றது. அந்தக் கடைசி பி பியூக்ங்கற அமெரிக்க கார் கம்பெனிக்காக, அது ஏன்னு கீழ வர்றேன். என்னோடது 1971 சலூன், நம்ம ஊருல செடான்னு சொல்வோமே அது. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கம் இருக்கோம், இந்த வண்டிய செஞ்ச சோலிஹல் ஃபேக்டரி வீட்டுலேருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. வாங்கி ஒம்பது வருஷம் ஆச்சு, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதறேன்.

வாங்குனப்போ நான் பண்ண முட்டாள்தனத்த மொதல்ல சொல்லிடறேன். பானெட்ட தொறந்து ஸ்டார்ட் பண்ணி காட்டுனாங்க, அந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், ஐட்லிங்ல பொத்துனாப்ல ஒரு உறுமல் உறுமும் பாருங்க, அதுலயே விழுந்துட்டேன், கீழ குனிஞ்சு பாக்கவே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு சும்மா ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த எடுத்துட்டுப் போயி கதவுக்கு அடியில நீளமா ஓடுற தகரத்துல, இங்க சில்லும்பாங்க, அதுல வெச்சா ஒட்டல, நழுவி கீழ விழுது. கொஞ்சம் தள்ளி வெச்சேன், அங்கயும் விழுது. ஸ்க்ரூடிரைவரால லேசா குத்துனேன், அப்பளம் ஒடையற மாதிரி உள்ள போயிடுச்சு. மொத்தமும் பட்டி! பட்டி போட்டு தேய்ச்சு அழகா பெயிண்ட் அடிச்சு வித்திருக்காங்க. ரோவர்ல தனி சேஸ் இல்லாம முழு பாடியா மோனோகாக் போட்ட மொத கார் இந்த பி5 வரிசைதான், அதனால சில்லு போச்சுன்னா வெறும் அழகு போகல, வண்டியோட முதுகெலும்பே போச்சு. வெட்டி எடுத்து புதுத் தகரம் வெல்டிங் பண்ண ஆன செலவு வண்டி வெலையில பாதி, வீட்டுல அதப் பத்தி இன்னிக்கும் பேச்சு வரும்.

அதனால இன்ஜின பாத்து மயங்காதீங்க, தகரத்தப் பாருங்க. இன்ஜின் எப்படியும் ஓடும்.

அந்த இன்ஜின் வந்த கதையே தனி. 1958ல பி5 வந்தப்போ அதுல 2995 சிசி ஆறு சிலிண்டர், ஸ்மூத்தா இருக்கும் ஆனா இவ்ளோ பெரிய ஒடம்ப இழுக்க மூச்சு வாங்கும். ரோவரோட மேனேஜிங் டைரக்டர் வில்லியம் மார்ட்டின் ஹர்ஸ்ட் அமெரிக்காவுல மெர்க்குரி மரைன்ங்கற படகு மோட்டார் கம்பெனிக்கு வேற ஏதோ வியாபாரம் பேசப் போயிருக்காரு, அங்க ஒரு மூலையில அலுமினிய வி8 ஒண்ணு கெடந்திருக்கு, பியூக் செஞ்சு, கட்டுப்படியாகலன்னு கைவிட்ட இன்ஜின். பொண்ணு பாக்கப் போன வீட்டுல மாடு வாங்கிட்டு வந்த கதையா 1965ல அந்த இன்ஜின செய்ய லைசென்ஸ் வாங்கிட்டாரு. 1967ல அது 3528 சிசியா பி5ல ஏறுச்சு, அதான் பி5பி. சுமார் 160 குதிரைசக்தி, பழைய ஆறு சிலிண்டர விட வெயிட்டும் கம்மி. பின்னாடி ரேஞ்ச் ரோவர், மார்கன், எம்ஜி எல்லாத்துலயும் இதே இன்ஜின் போய் உக்காந்துச்சு. அமெரிக்காக்காரன் தூக்கிப் போட்டத வெச்சு இங்க பல வருஷம் ஓட்டிட்டாங்க.

ஓட்டறதப் பத்தி. ஸ்டீயரிங் வீல் பெருசு, வளையம் ஒல்லி, பவர் ஸ்டீயரிங் அதனால ஒரு விரல்ல திரும்பும், ஆனா ரோட்டுல என்ன நடக்குதுன்னு கைக்கு ஒண்ணும் தெரியாது. மூணு கியர் ஆட்டோமேட்டிக், போர்க் வார்னர் கம்பெனியோடது, மேனுவலே கெடையாது இந்த மாடல்ல. அவசரப்படுத்துனா கோச்சுக்கும், அதும் போக்குல விட்டா எழுபது மைல்ல நாள் பூரா போகும். சஸ்பென்ஷன் முன்னாடி டார்ஷன் பார், பின்னாடி லீஃப் ஸ்பிரிங், நேர் ரோட்டுல சோஃபா, வளைவுல வேகமா போனீங்கன்னா அதே சோஃபா படகாயிடும். உள்ள மரம், லெதர், தடி கார்பெட், மழை நாள்ல கதவ சாத்துனா பழைய லைப்ரரி வாசன. டாஷ்போர்டுக்கு அடியில ஒரு ட்ராயர், இழுத்தா ஸ்பேனர் எல்லாம் ஒவ்வொண்ணும் அதது குழியில படுத்திருக்கும், என் பையன் சின்னதுல மணிக்கணக்கா அதையே எடுத்து எடுத்து வெச்சிட்டிருப்பான்.

பெட்ரோல்... கேக்காதீங்க. கேலனுக்கு 18 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு ஆறு சொச்சம் கிலோமீட்டர், டவுன்ல அதுவும் இல்ல. இன்ஜினோட கம்ப்ரெஷன் 10.5க்கு 1, ரொம்ப அதிகம், அதனால சாதா பெட்ரோல் ஊத்துனா ஏத்தத்துல டக்டக்னு நாக்கிங் கேக்கும். ஒசத்தி ரகமான சூப்பர் பெட்ரோல்தான் ஊத்தறேன், இக்னிஷன் டைமிங்க கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன். 2021ல இங்க சாதா பெட்ரோல்ல எத்தனால் பத்து சதவீதம் வரைக்கும் ஆக்குனாங்க, அது பழைய ரப்பர் ஹோஸத் தின்னுடும், அதனால எல்லா ஹோஸையும் மாத்திட்டேன், நீங்களும் மொத வேலையா அத செய்ங்க. ஆயில மட்டும் 3000 மைலுக்கு ஒரு தடவ மாத்திடுங்க, இல்லன்னா வால்வ தூக்குற ஹைட்ராலிக் டேப்பட்ல கசடு கட்டி காலைல தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும்.

ஒரு தடவ எம்40 மோட்டார்வேல ராத்திரி பெட்ரோல் முள்ள நம்பி போயிட்டிருந்தேன், முள்ளு கால்வாசி காட்டுது, வண்டி இருமுது. டாஷ்போர்டுல ரிசர்வ்னு ஒரு நாப் இருக்கு, நம்ம ஊரு பழைய பைக்ல ரிசர்வுக்கு பெட்ரோல் குழாயத் திருப்புவோமே அதே சமாச்சாரம். இத்தன வருஷத்துல தொட்டதே இல்ல, துருப்பிடிச்சு இறுகியிருக்கும்னு நெனச்சு சாமிய கும்பிட்டு இழுத்தேன், வந்துச்சு. பத்து செகண்டுல இன்ஜின் சரியாச்சு. பங்க் போற வரைக்கும் பக்கத்துல இருந்த என் மனைவி ஒரு வார்த்த பேசல.

பெரிய மனுஷங்க வண்டி இது. ஹரால்ட் வில்சன், எட்வர்ட் ஹீத்னு பிரிட்டிஷ் பிரதமருங்க போன வண்டி. 1973ல உற்பத்திய நிறுத்துனப்போ அரசாங்கமே கடைசி வண்டிகள வாங்கி பத்திரமா வெச்சுக்குச்சாம், அதான் 1979ல தாட்சர் பிரதமரா டவுனிங் ஸ்ட்ரீட் வந்து எறங்குனதும் இதுலதான். எலிசபெத் ராணியும் சொந்தமா வெச்சிருந்தாங்க, அவங்க வண்டிய கெய்டன்ங்கற ஊருல இருக்கற கார் மியூசியத்துல போய் பாத்தேன், முழங்கால் போட்டு சில்லத்தான் மொதல்ல பாத்தேன், கூட வந்தவங்க சிரிச்சாங்க. ரோவர்ங்கற பேரு இன்னிக்கு ஜாகுவார் லேண்ட் ரோவர் வழியா டாடா கிட்ட இருக்கு, இங்க பழைய ஆளுங்க கிட்ட இதச் சொன்னா மூஞ்சி ஒரு மாதிரி ஆகும், எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

நாப்பது வருஷம் தாண்டுன வண்டிங்கறதால ரோடு டேக்ஸ் இல்ல, எம்ஓடி டெஸ்டும், அதாவது வண்டி ரோட்டுல ஓட லாயக்கான்னு வருஷா வருஷம் பாக்கற பரிசோதன, கட்டாயம் இல்ல. நான் வருஷா வருஷம் டெஸ்டுக்கு கொண்டுபோறேன், சில்லு கத்துக் கொடுத்த பாடம். போன வாரம் கழுவுறப்போ வலது பக்க பின் சக்கரத்துக்கு மேல பெயிண்ட்ல ஒரு சின்ன கொப்புளம் கண்ணுல பட்டுச்சு, கடுகளவுதான். ஸ்க்ரூடிரைவர எடுத்து பக்கத்துல வெச்சிருக்கேன், குத்திப் பாக்கத்தான் இன்னும் தைரியம் வரல.