‘டிஸ்க் செத்திட்டுது’ என்று கடையில் சொன்னால் உடனே காசை எடுத்து நீட்டாதீர்கள்

திருகோணமலை டவுனுக்குள் இருக்கும் ஒரு லப்டொப் திருத்தும் கடையில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

தங்கச்சி கோணேசபுரி கம்பஸில் இறுதி வருடம். அவளுடையது எச்பி லப்டொப், இன்டெல் 11ஆம் தலைமுறை புரொசெசர். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் திறக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே நின்றது. ஆய்வறிக்கை முழுவதும் அதற்குள். நான் வேலையில் நின்றதால் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடையில் பென்டிரைவைப் போட்டு விண்டோஸை இன்ஸ்டோல் பண்ணப் போனால், எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் பெட்டி வெறுமையாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான், முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “தங்கச்சி, டிஸ்க் செத்திட்டுது. உள்ளுக்க இருந்தது ஒண்டும் எடுக்கேலாது.” புது எஸ்எஸ்டி (இப்போதைய லப்டொப்களில் வரும் டிஸ்க்) போட 24,000 ரூபா.

அந்தப் பெட்டி வெறுமையாக இருப்பதற்கும் டிஸ்க் சாவதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து நிறைய லப்டொப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற ஒரு கொன்ட்ரோலருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை விண்டோஸுக்குக் காட்டிக்கொடுக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் விண்டோஸ் பென்டிரைவில் இல்லாவிட்டால், நல்ல டிஸ்க்கும் இன்ஸ்டோலரின் கண்ணில் படாது. எச்பியே இதைத் தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. இன்டெல் ரெபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, அதே பெட்டியில் ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தினால் டிஸ்க் வந்து நிற்கும். செலவு ஒரு சதமும் இல்லை. சந்தேகம் என்றால் எச்பியில் ஆன் பண்ணியதும் எஸ்கேப், பிறகு எஃப்2 அழுத்தினால் டிஸ்க்கைப் பரிசோதிக்கும் வசதியும் இருக்கிறது. லப்டொப் திருத்திப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் எனக்கு நம்பக் கஷ்டம்.

சரி, புது எஸ்எஸ்டி பூட்டினார்கள். அதுவும் தெரியவில்லை! பெட்டியில் இருந்து அப்போதுதான் எடுத்த டிஸ்க். இந்த இடத்திலாவது ‘பிழை டிஸ்க்கில் இல்லையோ’ என்று யோசித்திருக்க வேண்டும். அவர்கள் யோசிக்கவில்லை, பயோஸ் (லப்டொப்பை ஆன் பண்ணியதும் முதலில் ஓடும், மதர்போட்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் பண்ணுவோம் என்று இறங்கிவிட்டார்கள்.

தங்கச்சி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கோடு பாதிவரை போனது, திரை கறுத்தது, ஃபேன் இரைந்துகொண்டு ஓடியது. பயோஸ் எழுதும்போது இதெல்லாம் வழமை. திரை கறுக்கும், தானாக அணைந்து திரும்ப வரும், ஃபேன் கத்தும், கை வைக்காமல் விட வேண்டும். அங்கே வேலைசெய்த பெடியன் “ஹேங் ஆகிட்டு அக்கா” என்று சொல்லிப் பவர் பட்டனை அமத்திப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. கப்ஸ் லொக் லைட் மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

நான் போனபோது கதை மாறிவிட்டது. “மதர்போட் போயிட்டுது தம்பி, வரேக்கையே அப்பிடித்தான் வந்தது” என்கிறார் முதலாளி. வரும்போது விண்டோஸின் வட்டம் சுற்றியதே அண்ணா, மதர்போட் போன லப்டொப்பில் அது எப்படிச் சுற்றும் என்று கேட்டேன். பதில் இல்லை. எஸ்எஸ்டி காசும் சேர்விஸ் சார்ஜ் 3,500 ரூபாவும் தங்கச்சியிடம் ஏற்கனவே வாங்கியிருந்தார்கள். பில்லில் ‘சேர்விஸ்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். பழைய எஸ்எஸ்டியைக் கேட்டபோது “அது குப்பை, என்னத்துக்கு?” என்றார். தராமல் போகமாட்டேன் என்று நின்ற பிறகு மேசை லாச்சியில் இருந்து எடுத்துத் தந்தார். குப்பையை லாச்சிக்குள் வைக்கிற கடை!

அந்தக் ‘குப்பையை’ வீட்டில் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு என் கொம்பியூட்டரில் செருகினேன். உடனே பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி) சாவி கேட்டது. 48 இலக்கம், தங்கச்சியின் மைக்ரோசொஃப்ட் கணக்கிலேயே பதிவாகி இருந்தது. அடித்தவுடன் எல்லாம் திறந்தது. ஆய்வறிக்கை, படங்கள், ஒன்றும் போகவில்லை.

லப்டொப்பைக் கொழும்பில் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்கே கொண்டுபோகச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. உவர்மலையில் வீட்டில் வைத்துத் திருத்தும் ஒரு தம்பி, எச்பி தளத்தில் அந்த மொடலுக்கான பயோஸ் கோப்பை எடுத்து, மீட்புப் பென்டிரைவ் ஒன்று செய்து, விண்டோஸ் கீயையும் பி கீயையும் அமத்தியபடி பவரை அழுத்தினார். பீப் சத்தம் வந்தது, கொஞ்ச நேரத்தில் எச்பி சின்னமும் வந்தது. ‘போன’ மதர்போட் இதுதான். இது சரிவராவிட்டாலும் பயோஸ் சிப்பில் கிளிப் மாட்டித் திரும்ப எழுதலாம், போர்டையே மாற்றச் சொன்னால் முதலில் அதைக் கேளுங்கள் என்றார்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கழற்றிய பாகம் எதுவானாலும் கையில் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் லேபிளை அவர்கள் திறக்கும்போதே போனில் படம் எடுங்கள். பயோஸில் கை வைக்க முதல் உங்களிடம் கேட்க வேண்டும் என்று பில்லிலேயே எழுதுவியுங்கள். பிட்லொக்கர் சாவியை எழுதி வீட்டில் வைத்திருங்கள், கடையில் கொடுக்காதீர்கள்.

புது எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசை வாங்கிவிட்டோம், அதுவும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முதலாளியின் முன்னாலேயே அழைத்த பிறகு. 3,500 இன்னும் வரவில்லை. எழுத்தில் கொடுத்த முறைப்பாடு அதற்காகத்தான்.