ஸ்பீக்கர் ஒயர்: முதல் ரோல்ல ஏமாந்தேன், ரெண்டாவது ஓகே

பின்னாடி வைக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கும் சுவரோரமா சுத்திக்கிட்டு போகணும்னா ஆளுக்கு பத்து மீட்டர் ஒயர் வேணும், சரின்னு ஆன்லைன்ல இருக்கறதுலயே சீப்பா ஒரு 16 கேஜ் (ஒயர் தடிமனுக்கான அளவு) ரோல் போட்டேன். "சுத்த காப்பர்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. கையில தூக்குனதுமே டவுட்டு, அவ்ளோ பெரிய ரோல் வெயிட்டே இல்ல. நுனிய சீவி ஒரே ஒரு இழைய பிரிச்சு பிளேடால சுரண்டிப் பாத்தா மேல செம்பு கலரு, உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம்! சிசிஏன்னு சொல்றது இதத்தான், அலுமினியத்து மேல காப்பர் முலாம். பாட்டு கேக்காதுன்னு இல்ல, கேக்கும், ஆனா அதே தடிமனுக்கு ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, போதாததுக்கு ரெண்டு தடவ கழட்டி மாட்டுனதுல இழையெல்லாம் ஒடிஞ்சு கையோட வந்துருச்சு.

ரெண்டாவதா வாங்குனது நிஜ காப்பர், அதே 16 கேஜ், விலை கொஞ்சம் கூட, ஆனா அந்த "ஹை எண்ட்" ஒயர்ங்க விக்கிற விலைக்கு பக்கத்துல கூட வராது. போக வர 20 மீட்டர்னு கணக்கு பண்ணா 0.26 ஓம் வருது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3 சதவீதத்த கொஞ்சம் தாண்டுது, 5க்குள்ள இருந்தா போதும்னுதான் பொதுவா சொல்வாங்க. உங்களோடது 4 ஓம்னா இதே தூரத்துக்கு 14 கேஜுக்கு போயிருங்க (கேஜ் நம்பர் குறைய குறைய ஒயர் தடிமன், தலைகீழ் கணக்கு). சவுண்டுல ஏதாச்சும் மாஜிக் நடந்துச்சான்னா, ஒண்ணும் நடக்கல, நடக்கவும் கூடாது.

குறைன்னா ஒண்ணு இருக்கு, பிளஸ் எதுன்னு காட்ட ஒரு பக்கம் மெல்லிசா சிவப்பு கோடு போட்டிருக்காங்க, டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி இருட்டுல அது கண்ணுக்கே தெரியல. ஒரு ஸ்பீக்கர மாத்தி மாட்டிட்டு பேஸ் எங்கடா போச்சுன்னு அரை மணி நேரம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செட்டிங்ஸ நோண்டிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு நுனியிலயும் சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன். அப்புறம் இழைங்கள நல்லா முறுக்கிட்டு சொருகுங்க, ஒரு இழை வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினல தொட்டா ஷார்ட்டு, ஆம்ப் புரொடெக்‌ஷனுக்கு போயிரும், அதாவது தன்ன காப்பாத்திக்க தானாவே ஆஃப் ஆயிரும்.

அந்த பழைய ரோல தூக்கிப் போடல. டேபிள் மேல இருக்கற சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் வெட்டி போட்டிருக்கேன், அவ்ளோ தூரத்துக்கு அது தாராளம்.