டென்னிஸ் எல்போ: ஊசியா, பட்டியா, தண்ணீர்ப் போத்தலா?

காலபோகத்துக்கு வரம்பு கட்டத் தொடங்கினால் கிளிநொச்சி, விசுவமடுப் பக்கம் முழங்கை நோகுது என்பவர்கள் கூடிவிடுவார்கள். டென்னிஸ் எல்போ என்று பெயர், ஆனால் டென்னிஸ் மட்டையையே தொடாதவர்களுக்கும் வரும் வருத்தம் இது. மண்வெட்டி, கோடாலி, மேசன் கரண்டி, துணி பிழிவது எல்லாம் மணிக்கட்டை நிமிர்த்தும் அதே தசைநாரைத்தான் இழுக்கின்றன.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையை அழுத்தினால் சுள்ளென்று நோகும். கையை நேரே நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, பிளாஸ்டிக் கதிரையின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அதே இடத்தில் நொந்தால் அனேகமாக இதுதான். விரல் விறைத்தாலோ, நோ கழுத்திலிருந்து இறங்கினாலோ வேறு விசயம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, வைத்தியம். எல்லாரும் கேட்பது ஸ்டீராய்டு ஊசி. கெதியாகக் கேட்கும், உண்மை. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளிவந்த ஆய்விலும் 6 கிழமையில் ஊசிக்காரர்தான் முன்னுக்கு நின்றார்கள். ஆனால் அப்படிச் சுகப்பட்டவர்களில் 72 வீதமானோருக்கு நோ திரும்பி, வருட முடிவில் ஃபிசியோ பயிற்சி செய்தவர்களைவிடப் பின்தங்கிப் போனார்கள். ஊசி நோவை அடக்குமே தவிர நைந்த நாருக்குப் பலம் கொடுக்காது, நோ இல்லையென்று மனிசன் அடுத்த நாளே மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்.

நான் சொல்வது போத்தல் பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, கை விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மேலே தூக்கிவிட்டு, நோகிற கையால் மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். 15 தரம், மூன்று சுற்று, தினமும். கொஞ்சம் நோகும், பரவாயில்லை. மறுநாள் காலையிலும் நோ கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 கிழமை ஆகும், அந்தப் பொறுமைதான் கஷ்டம்.

முன்கையைச் சுற்றிக் கட்டும் பட்டி, வேலை செய்யும் நேரத்துக்கு நல்லது, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே கட்ட வேண்டும். பரியாரியாரின் எண்ணெயை இளஞ்சூடாகத் தடவலாம், ஆனால் சுளுக்கென்று இழுத்து முறுக்க விடாதீர்கள். நோ மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதுதான் எனக்குப் பயம், வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது, அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. தேவையென்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசுங்கள்.

வேலையை விட முடியாதவர்கள் வாளியை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள், மண்வெட்டிப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்குங்கள்.