குளிர்காலத்துக்குக் காரை எங்காவது விட்டுவைக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஆறு மாத வாடகை, நாலு டயர். எனக்குப் போனது இதுதான். காரை எடுத்து வந்து மூன்று நாள் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பழைய கிடங்கு, வாசலில் குளிர்காலக் கார் பாதுகாப்பு என்று பெரிய போர்டு. அந்த மாதிரி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது கூரை திறக்கும் இரண்டு சீட்டுக் கார். கோடையில் மட்டும்தான் ஓட்டுவேன். அதில் இருப்பதும் கோடை டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே போனால் அதன் ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடும். அதனால் நவம்பர் தொடக்கத்தில் விட்டு ஏப்ரல் கடைசியில் எடுப்பதாகப் பேச்சு.

நான் ஏமாந்த இடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். "டயர் ஒரே இடத்துல அழுந்தி நின்னா தட்டையாயிடுமே அண்ணே" என்று கேட்டேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். குனிந்து, நாலு டயரிலும் உச்சியில் ஒவ்வொரு கோடு போட்டார். "மாசாமாசம் காத்து பார்த்து, வண்டியைக் கொஞ்சம் உருட்டி விடுவோம் தம்பி. நீங்க வர்றப்ப இந்தக் கோடு எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். ஹீட்டர் ஓடும், 10 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது என்றும் சொன்னார். ஒரு நோட்டில் என் கார் நம்பரை எழுதி, ஆறு மாதத்துக்கும் கட்டம் போட்டுக் காட்டினார். அந்த சாக்பீஸ் கோட்டில் விழுந்தவன்தான் நான். ஆறு மாத வாடகையையும் மொத்தமாக அங்கேயே கொடுத்தேன். அவர் நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்தும் போட்டேன்.

நிறுத்தும்போது டயர் காற்றழுத்தத்தை 38 பிஎஸ்ஐ வைத்திருந்தேன். ஓட்டும்போது வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குள்தான்.

ஏப்ரலில் போய் உறையைத் தூக்கிப் பார்த்தால், நாலு கோடும் நாலு டயரின் உச்சியில், போட்ட இடத்திலேயே இருக்கிறது. முன் இடது சக்கரத்தில் வால்வு மூடிக்கும் ரிம்முக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. மூலையில் கிடந்த தண்ணீர் கேன் உறைந்து உப்பி வெடித்திருந்தது. இதுதான் அந்த 10 டிகிரி! காற்று மூன்று டயரில் 30, 29, 28. நாலாவதில் வெறும் 19.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு கட்டத்திலும் 38, 38, 38. பக்கத்தில் 'உருட்டியாச்சு' என்று ஒரே பேனா, ஒரே சாய்வு. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினாலே டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். அது போக, சும்மா நின்றாலே காற்று மெல்லக் கசியும். ஜனவரியிலும் 38 எப்படி வரும்? பொய் எழுதுவதையாவது பார்த்து எழுதக்கூடாதா! நல்லவேளை, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"ஓட்டினா சரியாயிடும் தம்பி, முப்பது கிலோமீட்டர் போதும்" என்றார். இதில் பாதி உண்மை. சில நாள் நின்ற டயர், ஓடிச் சூடானதும் பழைய உருண்டைக்கு வந்துவிடும். நான் எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன். ஸ்டீயரிங் ஆட்டம் நிற்கவில்லை. டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டி, மெதுவாகச் சுற்றி, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை டயரை ஒட்டிப் பிடித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடைவெளி வாயைத் திறந்தது. நாலிலும் அப்படித்தான். காற்று இறங்கி, குளிரில், மாதக்கணக்காக ஒரே பக்கம் பாரம் தாங்கி நின்றது. இனி மீளாது என்று சொல்லிவிட்டார்கள்.

கிடங்கு உரிமையாளருக்குத் திரும்பப் போன் செய்தேன். "டயர் பழசு சார்" என்றார். தம்பி சார் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 1123, அதாவது 2023-இல் 11-வது வாரம் செய்த டயர். விட்டபோது இரண்டு வயதுகூட ஆகவில்லை. அதைச் சொன்னதும் சக்கர அலைன்மென்ட் பாருங்கள் என்றார். அப்புறம் கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'இடம் மட்டும் வாடகைக்கு. வண்டியின் நிலைக்குப் பொறுப்பல்ல.' கடைசியாக, அடுத்த குளிர்காலத்துக்கு வந்தால் ஒரு மாத வாடகை தள்ளுபடியாம்! ஆறு மாத வாடகையும் நாலு டயரும் போனவனிடம் பேசுகிற பேச்சா இது? இப்போது போனை எடுப்பதில்லை. மெசேஜில் இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது.

தப்பியது பேட்டரி மட்டும். அதை நானே கழற்றி வீட்டில் வைத்திருந்தேன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த வாடகையை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வாயால் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். மாதம் ஒரு தடவை நீங்களே காற்று அளக்கும் கேஜோடு போய்ப் பாருங்கள். வர வேண்டாம் என்றால் அங்கே விடாதீர்கள். எண்ணெய் சிந்திய தரையில் டயர் நிற்கக்கூடாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முடிந்தால் ஸ்டாண்டில் ஏற்றிப் பாரத்தையே எடுத்துவிடுங்கள். சாக்பீஸ் கோடு போட்டால், எப்போது நகர்ந்தது என்று போட்டோ கேளுங்கள்.

டயர் கடையில் மூன்றுதான் கைவசம் இருக்கிறதாம். நாலாவது வர ஒரு வாரம் ஆகும்.